குல்மார்க்கா, அவுலியா? முதல் பனிச்சறுக்குப் பயணத்துக்கு ஊரைத் தேர்ந்தெடுக்க ஒரு முழுமையான வழிகாட்டி

பனியில் சறுக்கிப் பார்க்க வேண்டும் என்ற ஆசை வந்ததும் பெரும்பாலோர் முதலில் யூடியூபைத் திறக்கிறோம். மலை உச்சியிலிருந்து ஒருவர் வெள்ளைப் புகை போலப் பனியைக் கிளப்பிக்கொண்டு இறங்குவார். அது எந்த ஊர் என்று தேடி, அந்த ஊருக்கே டிக்கெட் போட்டுவிடுகிறோம். அந்த உச்சிக்கும் நம் முதல் பயணத்துக்கும் சம்பந்தமே இல்லை என்பது அங்கே போன பிறகுதான் புரியும்.

நான் குல்மார்க்குக்கும் போயிருக்கிறேன், அவுலிக்கும் போயிருக்கிறேன். இரண்டு இடத்திலும் என் நாட்கள் பெரும்பாலும் ஒரு பள்ளி மைதானம் அளவுக்குச் சாய்ந்து கிடந்த வெளியில்தான் கழிந்தன. முதல் முறை போகிற எல்லாருக்கும் அப்படித்தான். ஆகவே ஊரைத் தேர்ந்தெடுக்கும்போது உச்சியைப் பார்க்காதீர்கள். நீங்கள் விழுந்து எழப்போகிற அந்தச் சின்னச் சரிவையும், அங்கே சொல்லிக்கொடுப்பவரையும், அங்கே போய்ச் சேரும் சாலையையும் பாருங்கள். கீழே வரும் எல்லாப் படிகளும் இந்த மூன்றையும் சுற்றித்தான்.

இரண்டு ஊரும் ஒரு பார்வையில்

குல்மார்க் ஜம்மு காஷ்மீரின் பாரமுல்லா மாவட்டத்தில், பீர் பஞ்சால் மலைத்தொடரில் இருக்கிறது. கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 2,650 மீட்டர். நம் தொட்டபெட்டா 2,637 மீட்டர் என்பதால் ஊரின் தரையே கிட்டத்தட்ட தொட்டபெட்டா உச்சிதான். அங்கிருந்து கோண்டோலா எனும் கேபிள் கார் இரண்டு கட்டமாக மேலே போகிறது. முதல் கட்டம் கோங்டூரி வரை, ஏறத்தாழ 3,100 மீட்டர். இரண்டாம் கட்டம் அஃபர்வாட் மலையின் தோள்பகுதி வரை, 3,950 மீட்டரை ஒட்டி. முதல் கட்டம் 1998-லும் இரண்டாம் கட்டம் 2005-லும் ஓடத் தொடங்கின.

அவுலி உத்தராகண்டின் சமோலி மாவட்டத்தில், ஜோஷிமத் ஊருக்கு மேலே இருக்கிறது. இது ஒரு புக்யால். கட்வால் மலைமக்கள் மரங்கள் முடிகிற உயரத்தில் விரியும் புல்வெளியை அப்படித்தான் சொல்கிறார்கள். சறுக்குச் சரிவுகள் சுமார் 2,500 மீட்டரிலிருந்து 3,050 மீட்டருக்குள் அடங்கிவிடும். ஓக்கும் தேவதாருவும் சூழ்ந்த, சின்ன, அமைதியான இடம். 2011 ஜனவரியில் முதல் தெற்காசிய குளிர்கால விளையாட்டுப் போட்டிகளை டேராடூனோடு சேர்ந்து நடத்தியது இந்த ஊர்தான்.

முதல் படி: யார் யார் போகிறீர்கள்?

ஒரு தாளை எடுத்துப் போகிறவர்களின் பெயர்களை எழுதுங்கள். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே, "சறுக்கக் கற்றுக்கொள்ள வேண்டும்" அல்லது "பனியைப் பார்த்தால் போதும்" என்று குறியுங்கள். இது சின்ன வேலைதான். ஆனால் பாதி முடிவு இங்கேயே வந்துவிடும்.

எங்கள் குல்மார்க் பயணத்தில் நான், மனைவி, அக்கா, அக்கா பையன் என்று நான்கு பேர். கற்றுக்கொள்ள வந்தது நானும் பையனும்தான். அக்காவுக்கு முழங்கால் வலி, மனைவிக்குப் பனியில் நடந்தாலே போதும். அவர்கள் இருவருக்கும் கோண்டோலா, நடுவில் தேநீர், மேட்டின் மேல் இருக்கும் பழைய செயின்ட் மேரி தேவாலயம், ஸ்ரீநகர் திரும்பினால் தால் ஏரி என்று பொழுது போக வழி இருந்தது. அவுலியில் சறுக்காதவர்களுக்கு மலையைப் பார்ப்பதும், மூன்று கிலோமீட்டர் போல நடந்து கோர்சோன் புக்யாலுக்குப் போவதும்தான். மலையை மணிக்கணக்கில் பார்த்துக்கொண்டிருக்கக்கூடியவர்களுக்கு அது சொர்க்கம். மற்றவர்களுக்கு இரண்டாம் நாளே அலுத்துவிடும்.

வீட்டில் பாதிப் பேர் சறுக்காதவர்களாக இருந்தால், குல்மார்க்குக்கு ஒரு பெரிய புள்ளி போடுங்கள். எல்லாரும் கற்கவே போகிறீர்கள் என்றால் இரண்டும் சமம், அடுத்த படிக்கு வாருங்கள்.

இரண்டாம் படி: லீவில் எத்தனை நாள் பனியில்?

லீவு எத்தனை நாள் என்பதைவிடப் பனியில் கால் வைக்கும் நாட்கள் எத்தனை என்பதுதான் கணக்கு. சென்னையிலிருந்து புறப்படுவதாக வைத்துக்கொள்வோம்.

குல்மார்க்குக்கு: டெல்லி வழியாக ஸ்ரீநகருக்கு விமானம். விமான நிலையத்திலிருந்து 55 கிலோமீட்டர் போல. வழியில் தங்மார்க் என்ற அடிவார ஊர், அதற்கப்புறம் 13 கிலோமீட்டர் மலையேற்றம். பனி விழுந்திருந்தால் சங்கிலி மாட்டிய வண்டியோ நான்கு சக்கரமும் இழுக்கும் ஜீப்போதான் மேலே போக முடியும், சாதாரணக் காரில் வந்தவர்கள் தங்மார்க்கில் வண்டி மாற வேண்டும். மதியத்துக்குள் ஸ்ரீநகரில் இறங்கினால் அன்று மாலையே குல்மார்க். தாமதமானால் இரவு ஸ்ரீநகரில் தங்கிவிட்டுக் காலையில் போவது நல்லது. ஏழு நாள் லீவில் நான்கு நாள், அதிர்ஷ்டம் இருந்தால் ஐந்து நாள் பனியில் கிடைக்கும்.

அவுலிக்கு: விமானம் டேராடூனின் ஜாலி கிராண்ட் வரை, அல்லது ரயில் ஹரித்வார் வரை. அங்கிருந்து ரிஷிகேஷ் வழியாக ஜோஷிமத்துக்கு மலைச்சாலை. ரிஷிகேஷிலிருந்து மட்டும் 250 கிலோமீட்டர். ஒன்பது பத்து மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள், மண் சரிந்திருந்தால் அதற்கு மேலும். இருட்டிய பிறகு அந்தப் பாதையில் போகவே வேண்டாம், நடுவில் ருத்ரபிரயாகையிலோ பீப்பல்கோட்டியிலோ படுத்துக்கொள்ளுங்கள். ஏழு நாள் லீவில் பனிக்கு மிஞ்சுவது மூன்று நாள். பத்து நாள் இருந்தால் ஆறு.

இந்தக் கணக்கில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. சறுக்கக் கற்கிறவருக்கு முதல் நாள் முழுக்க விழுவதிலேயே போகும். இரண்டாம் நாள் உடம்பெல்லாம் வலிக்கும். மூன்றாம் நாள்தான் கால் பேச்சைக் கேட்கும். மூன்றே நாள் பனியில் இருந்தால், கால் வசப்படுகிற அன்றே மூட்டை கட்ட வேண்டியிருக்கும். அதனால் ஒரு வார லீவு மட்டும் இருப்பவர்களுக்கு அவுலியை நான் சொல்ல மாட்டேன்.

ஆனால் அந்தப் பத்து மணி நேரச் சாலையைச் சுமையாக மட்டும் பார்க்க வேண்டாம். தேவபிரயாகையில் பாகீரதியும் அலக்நந்தாவும் கலக்கும் இடத்தில் ஒன்று பச்சையாகவும் மற்றொன்று வேறு நிறமாகவும் வந்து சேருவதைப் பார்க்கலாம். பெரியாழ்வார் 'கண்டமென்னும் கடிநகர்' என்று பாடிய தலம் அதுதான். ஜோஷிமத்தைத் திருமங்கையாழ்வார் பாடிய திருப்பிரிதி என்று வைணவர்கள் கொள்கிறார்கள், ஆதிசங்கரரின் ஜோதிர் மடமும் அங்கேதான். பத்ரிநாத் கோயில் குளிர்காலத்தில் நடை சாத்தியிருக்கும். ஆனால் ஜோஷிமத் நரசிம்மர் கோயில் திறந்திருக்கும். திவ்யதேசம் சேவிக்க ஆசைப்படும் பெற்றோர் கூட வருகிறார்கள் என்றால் அவுலியின் தட்டு தாழ்வது இங்கேதான்.

இன்னொரு சின்ன எச்சரிக்கை. அந்தச் சாலையிலும் ஸ்ரீநகர் என்று ஒரு ஊர் வரும். அது கட்வால் ஸ்ரீநகர். இணையத்தில் அறை பதிவு செய்யும்போது மாநிலப் பெயரையும் சேர்த்துப் பாருங்கள்.

மூன்றாம் படி: எந்த மாதம்?

நமக்கு வடகிழக்குப் பருவமழை எப்படியோ, அப்படித்தான் இமயத்துக்கு மேற்கிலிருந்து வரும் காற்றுச் சுழற்சிகள். மத்தியதரைக் கடல் பக்கமிருந்து கிளம்பி வந்து குளிர்காலத்தில் பனியாகக் கொட்டும். முதலில் அடிவாங்குவது காஷ்மீர். உத்தராகண்டுக்கு வரும்போது பல நேரம் பலம் குறைந்திருக்கும். குல்மார்க் அவுலியைவிட வடக்கே இருக்கிறது, உச்சியும் உயரம். ஆகவே பனி நம்பிக்கையில் குல்மார்க் தெளிவாக முந்தி நிற்கிறது.

காஷ்மீரிகள் டிசம்பர் 21-லிருந்து நாற்பது நாளைச் சில்லை கலான் என்கிறார்கள், கடுங்குளிர்க் காலம். பெரும் பனி வழக்கமாக அப்போதுதான் தேங்கும். என் கணக்கில் குல்மார்க்குக்கு நல்ல நேரம் ஜனவரி கடைசி வாரத்திலிருந்து பிப்ரவரி முடிய. மார்ச்சிலும் சறுக்கலாம், பனி மட்டும் மதியத்தில் நொதநொதவென்று ஆகிவிடும். அவுலிக்கு ஜனவரி நடுவிலிருந்து பிப்ரவரி முடிய. அரையாண்டு விடுமுறைக்கு டிசம்பர் கடைசியில் போகிற குடும்பங்கள் அவுலியில் புல்லைப் பார்த்துவிட்டு வர நேரலாம்.

குல்மார்க்கும் கைவிட்டதுண்டு. 2024 ஜனவரியில் பெரும்பாலான நாட்கள் அங்கே பழுப்புப் புல்தான் தெரிந்தது, பனி மாதக் கடைசியில்தான் வந்தது. 2025 பிப்ரவரியில் நடக்க வேண்டிய கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டுகள் பனி போதாமல் மார்ச்சுக்குத் தள்ளிப்போயின. அவுலியில் 2023 பிப்ரவரியில் சர்வதேசப் பந்தயமே பனி இல்லாமல் ரத்தானது. செயற்கைப் பனி செய்வதற்காக அங்கே ஒரு குளம் வெட்டியிருக்கிறார்கள். அதை நம்பி லீவு போடாதீர்கள்.

நான்காம் படி: நீங்கள் நிற்கப்போகும் சரிவு

இந்தப் படிக்கு நேரம் கொடுங்கள்.

குல்மார்க்கில் கோண்டோலா நிலையத்துக்குப் பக்கத்திலேயே கற்றுக்கொள்பவர்களுக்கான சாய்வான வெளி இருக்கிறது. மெதுவான சாய்வு, கீழே அகலமாக விரிந்து தானாக நிற்க இடம் உண்டு. கம்பியைப் பிடித்துக்கொண்டு மேலே போகும் இழுவை லிஃப்டும் உண்டு. குறை என்னவென்றால் கூட்டம். ஸ்லெட்ஜ் எனும் பனிவண்டியில் ஆட்களை உட்காரவைத்து இழுப்பவர்கள், படம் எடுக்க நிற்கும் குடும்பங்கள், நடுவில் ஓடும் குழந்தைகள். நிற்கத் தெரியாத உங்களுக்கு முன்னால் ஒருவர் செல்ஃபி எடுத்துக்கொண்டு நிற்பார். காலை ஒன்பதரைக்கே போய்விட்டால் பதினொன்று வரை வெளி ஓரளவு உங்களுடையது. வார நாட்களாக இருந்தால் இன்னும் நல்லது.

கற்று முடித்த பிறகுதான் குல்மார்க்கின் சிக்கல் தெரியும். சின்னச் சரிவுக்கும் பெரிய மலைக்கும் நடுவில் படிப்படியாக ஏற வேண்டிய தளங்கள் குறைவு. கோங்டூரியில் நாற்காலி லிஃப்ட் இருக்கும் பகுதியில் நடுத்தரச் சரிவுகள் உண்டு. அதற்கு மேலே, இரண்டாம் கட்டத்தில், உலகெங்கும் இருந்து தேர்ந்தவர்கள் தேடி வருகிற மலை. அங்கே சமப்படுத்திய பாதைகள் அல்ல, இயற்கையாகக் கிடக்கும் பனி. 2023 பிப்ரவரியில் அங்கே பனிச்சரிவில், அதாவது மலைப்பனி திரளாகச் சரிந்து விழுந்ததில், போலந்து நாட்டவர் இருவர் இறந்தார்கள், 2024 பிப்ரவரியில் ரஷ்யர் ஒருவர். எல்லாரும் பழக்கப்பட்ட சறுக்கு வீரர்கள். முதல் முறை போகிறவர் இரண்டாம் கட்டத்துக்கு சறுக்குப் பலகையோடு போகக் கூடாது. சுற்றிப் பார்க்கப் போகலாம், அதே கோண்டோலாவில் இறங்கி வரலாம். "நான் கூட வர்றேன், ஒண்ணும் ஆகாது" என்று யார் சொன்னாலும் சரி.

அவுலியின் பலம் இதற்கு நேர் எதிர். உச்சி சின்னது, ஆனால் நடுத்தரச் சரிவு அருமையானது. சர்வதேச ஸ்கீ கூட்டமைப்பு ஏற்றுக்கொண்ட 1.3 கிலோமீட்டர் பாதை ஒன்று மேலிருந்து கீழ்வரை ஒரே ஓட்டமாக இறங்குகிறது. நாற்காலி லிஃப்டில் ஏறலாம். முதல் இரண்டு மூன்று நாள் கீழே உருண்டுவிட்டு, நான்காம் நாள் அந்தப் பாதையின் அடிப்பகுதிக்கும், ஆறாம் நாள் இன்னும் மேலுக்கும் ஏறிப் போகலாம். நான் கற்றதில் பெரும்பகுதி அங்கேதான் என்று தயங்காமல் சொல்வேன். வளைந்து வளைந்து இறங்கும்போது எதிரே நந்தாதேவி நிற்கும், 7,816 மீட்டர். மாலை நாலரை மணிக்கு அது வெள்ளையிலிருந்து செம்பு நிறத்துக்கு மாறுகிற நேரத்தில் சரிவில் யாருமே பேச மாட்டார்கள்.

சுருக்கமாக என் தீர்ப்பு: முதல் மூன்று நாளுக்குக் குல்மார்க் சரிவு போதும். நான்காம் நாளிலிருந்து ஏழாம் நாள் வரை அவுலி சரிவு மேல்.

ஐந்தாம் படி: சொல்லிக்கொடுப்பவரும் கருவிகளும்

இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, அன்றன்றைக்குப் பயிற்சியாளரை அமர்த்திக்கொள்வது. மற்றொன்று, நிறுவனம் நடத்தும் பயிற்சியில் சேருவது.

குல்மார்க்கில் மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் கீழ் இந்தியப் பனிச்சறுக்கு மற்றும் மலையேற்றக் கழகம் இருக்கிறது, குளிர்காலம் முழுக்கக் குழு குழுவாகப் பயிற்சி நடத்துகிறது. அவுலியில் கட்வால் மண்டல் விகாஸ் நிகம் என்ற மாநில சுற்றுலாக் கழகம் ஏழு நாள், பதினான்கு நாள் பயிற்சிகளை நடத்துகிறது. இடங்கள் குறைவு, முன்கூட்டியே நிரம்பிவிடும். அக்டோபர், நவம்பரிலேயே அந்த ஆண்டுத் தேதிகளைப் பாருங்கள். தங்கும் இடம், சாப்பாடு, கருவி எல்லாம் சேர்ந்த கட்டணமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். வசதி எதிர்பார்க்கக் கூடாது, ஆனால் காலை முதல் மாலை வரை விடாமல் பழக்குவார்கள்.

தனியாகப் பயிற்சியாளர் வைப்பதென்றால், நாள் கணக்கா மணிக் கணக்கா, கருவி வாடகை சேர்த்தா தனியா, லிஃப்ட் காசு யார் பொறுப்பு என்ற மூன்றையும் பலகையைக் காலில் மாட்டுவதற்கு முன்பே பேசி முடியுங்கள். குல்மார்க்கில் வண்டியிலிருந்து இறங்கும்போதே பத்துப் பேர் சூழ்ந்துகொள்வார்கள். அவர்கள் மீது கோபப்பட வேண்டாம். வருஷத்தில் மூன்று மாதம்தான் அவர்களுக்குச் சம்பாத்தியம். ஆனால் அந்த இடத்திலேயே ஒப்புக்கொள்ளவும் வேண்டாம். சரிவில் போய் ஒரு மணி நேரம் நின்று பாருங்கள். மாணவரைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டே போகிறவர் வேண்டாம். ஒரு அடி முன்னால் நின்று, முகத்தைப் பார்த்து, விழுந்தவரைத் தானே எழ வைக்கிறவர்தான் வேண்டும்.

எனக்கு அமைந்தவர் அப்படிப்பட்டவர். ஃபெரன் அங்கி போட்ட ஐம்பது வயதுக்காரர். முதல் அரை மணி நேரம் சறுக்கவே விடவில்லை. "பாயி சாப், பெஹலே கிர்னா சீக்கோ" என்றார். முதலில் விழக் கற்றுக்கொள்ளுங்கள் என்று. பக்கவாட்டில் உட்காருவது போல விழ வேண்டும், கையை முன்னால் ஊன்றக் கூடாது. விழுந்ததும் இரண்டு பலகைகளையும் சரிவுக்குக் குறுக்கே திருப்பி வைத்துக்கொண்டால்தான் எழ முடியும். நேர்க்கோட்டில் வைத்து எழ முயன்றால் எழும்போதே வழுக்கிக்கொண்டு போகும். நான் அதை நான்கு முறை செய்துதான் புரிந்துகொண்டேன். அதற்கப்புறம் பலகைகளின் முன்முனைகளைக் கிட்டே கொண்டுவந்து, பின்முனைகளை அகற்றி, கூரை ஓட்டின் முகடு போல நிற்கப் பழக்கினார். குதிகாலை வெளிப்பக்கம் தள்ளத் தள்ள வேகம் குறையும். முதல் இரண்டு நாள் பாடமே இவ்வளவுதான்.

கருவிகளில் பலகையைவிட பூட்ஸ்தான் முக்கியம். பூட்ஸ் மாட்டி நேராக நின்றால் கட்டைவிரல் முன்பக்கத்தை லேசாகத் தொட வேண்டும். முழங்காலை முன்னே மடக்கினால் விரல் பின்வாங்க வேண்டும். குதிகால் மேலே எழும்பக் கூடாது. குளிருக்குப் பயந்து இரண்டு மூன்று சாக்ஸ் போடாதீர்கள், ரத்த ஓட்டம் நின்று கால் இன்னும் சில்லிடும். முழங்கால் வரை நீண்ட ஒரே ஒரு கம்பளி சாக்ஸ் போதும். பலகையை நிமிர்த்தி நிறுத்தினால் உங்கள் மோவாய் அளவுக்கு வந்தால் கற்பவருக்குச் சரி. பூட்ஸைப் பலகையோடு பிணைக்கும் பூட்டு விழும்போது தானாகக் கழன்றுகொள்ள வேண்டும், அதை உங்கள் எடைக்கு ஏற்பத்தான் திருகி வைப்பார்கள். அதனால் எடையைக் கேட்டால் குறைக்காமல் சொல்லுங்கள். தலைக்கவசம் கேட்டு வாங்குங்கள். தராவிட்டால் அடுத்த கடைக்குப் போங்கள்.

வாடகைக் கருவிகளின் தரத்திலும் வகையிலும் குல்மார்க்கில் தேர்வு அதிகம். அவுலியில் இருப்பதில் பொருந்துவதை எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். காலளவு 11-க்கு மேல் உள்ளவர்கள் அவுலிக்கு முன்கூட்டியே போன் போட்டுக் கேட்டுவிடுங்கள்.

ஆறாம் படி: உயரமும் உடம்பும்

சென்னையில் காலை இட்லி சாப்பிட்டவர் மறுநாள் 2,650 மீட்டரில் நிற்கிறார். அங்கிருந்து கோண்டோலாவின் இரண்டு கட்டமும் ஏறினால் அரை மணி நேரப் பயணத்தில் இன்னும் 1,300 மீட்டர். தலைவலி, குமட்டல், மூச்சு வாங்குதல் வரலாம். முதல் நாளே இரண்டாம் கட்டத்துக்கு ஏறாதீர்கள். இதய நோய், கட்டுப்படாத ரத்த அழுத்தம், ஆஸ்துமா உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் போகவே வேண்டாம். அவுலி இந்த விஷயத்தில் மென்மையானது. சாலையில் மெல்ல ஏறுகிறீர்கள், ஜோஷிமத்தில் ஓர் இரவு தங்கினால் உடம்பு பழகிக்கொள்ளும்.

உடலோடு ஒட்டி இருக்கும் உடை பருத்தியாக இருக்கக் கூடாது, வியர்வை நனைந்தால் காயாது. ஜீன்ஸ் அறவே வேண்டாம். பனியில் வெயில் கீழிருந்தும் அடிக்கும், கறுப்புக் கண்ணாடியும் சன்ஸ்க்ரீனும் கட்டாயம். தேங்காய் எண்ணெய் கட்டியாக உறைந்துவிடும், வாசலின் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஏழாம் படி: எங்கே தங்குவது?

காலையில் பூட்ஸ் மாட்டிச் சரிவுக்கு நடந்து போகிற தூரத்தில் தங்க வேண்டும். இதில் நான் ஒரு முறை ஏமாந்தேன். ஒரு முகவர் 'குல்மார்க் ஓட்டல்' என்று சொல்லிப் பதிவு செய்து கொடுத்தது தங்மார்க்கில் இருந்தது. தினமும் காலையில் ஜீப் பிடித்து 13 கிலோமீட்டர் ஏற வேண்டும், மாலை இறங்க வேண்டும். இரவு பனி கொட்டினால் காலை சாலை திறக்கும் வரை காத்திருப்பு. நான்கு நாளில் ஒன்றரை நாள் சாலையிலேயே போனது. வரைபடத்தில் ஓட்டலிலிருந்து கோண்டோலா நிலையத்துக்கு எத்தனை மீட்டர் என்று நீங்களே அளந்து பார்த்துவிட்டுத்தான் பணம் கட்டுங்கள். அறையில் சூடு எதனால், மின்சாரம் போனால் என்ன செய்வார்கள், காலையில் வெந்நீர் எத்தனை மணி வரை என்பதையும் கேளுங்கள்.

அவுலியிலும் இதே கதைதான், இப்போது இன்னும் கூர்மையாக. நான் போனபோது ஜோஷிமத்திலிருந்து நான்கு கிலோமீட்டர் ரோப்வே காட்டுக்கு மேலே மிதந்துகொண்டு போய் அவுலியில் இறக்கிவிடும். கீழே தங்கி மேலே போய்வருவது சுகமாக இருந்தது. 2023 ஜனவரியில் ஜோஷிமத்தில் நிலம் புதைந்து நூற்றுக்கணக்கான வீடுகளில் விரிசல் விட்டபோது ரோப்வேயை நிறுத்திவிட்டார்கள். அது மீண்டும் ஓடுவதாக உறுதியாகத் தெரியும்வரை 16 கிலோமீட்டர் சாலைதான் வழி என்று திட்டமிடுங்கள். அப்படியானால் அவுலியிலேயே மேலே தங்குவதுதான் புத்திசாலித்தனம். அறைகள் குறைவு, பிப்ரவரி வார இறுதிகளில் டெல்லிக்காரர்கள் முந்திவிடுவார்கள்.

சாப்பாட்டுக்கு இரண்டு ஊரிலும் சோறு, பருப்பு, ரொட்டி, ராஜ்மா கிடைக்கும். சைவம் பிரச்சினையே இல்லை. ஒரு டப்பா பருப்புப்பொடி போதும்.

எட்டாம் படி: தடங்கல்களுக்கு இடம் விடுங்கள்

காற்று பலமாக இருந்தாலோ, இரவு பனி கொட்டியிருந்தாலோ கோண்டோலாவின் இரண்டாம் கட்டம் திறக்காது. ஸ்ரீநகர் விமானங்கள் பனியாலும் மூடுபனியாலும் ரத்தாகும். ஜோஷிமத் சாலை மண்சரிவில் அடைபடும். அதனால் திரும்பும் பயணத்துக்கு முன்னால் ஒரு நாள் சும்மா விடுங்கள். மறுநாளே ஆபீஸ் போகிற மாதிரி டிக்கெட் போட்டுவிட்டுப் பதறாதீர்கள்.

ஸ்ரீநகருக்கு இப்போது இன்னொரு வழியும் உண்டு. 2025 ஜூனில் கட்ரா-ஸ்ரீநகர் வந்தே பாரத் ரயில் தொடங்கிவிட்டது. விமானம் ரத்தானால் சுமார் மூன்று மணி நேரத்தில் கட்ரா வந்து சேரலாம். கன்னியாகுமரியிலிருந்து கட்ரா வரை ஹிம்சாகர் எக்ஸ்பிரஸ் வாரம் ஒருமுறை ஓடுகிறது. நேரமும் பொறுமையும் இருப்பவர்கள் முழு நாட்டையும் ஜன்னலில் பார்த்துக்கொண்டே பனிக்குப் போகலாம்.

பாதுகாப்பைப் பற்றியும் நேராகச் சொல்லிவிட வேண்டும். 2025 ஏப்ரல் 22 பஹல்காம் தாக்குதலுக்குப் பிறகு காஷ்மீரில் பல சுற்றுலாத் தலங்களை மூடி, பின்னர் கட்டம் கட்டமாகத் திறந்தார்கள். போவதா வேண்டாமா என்பது உங்கள் வீட்டார் நிம்மதியாக ஒப்புக்கொள்ள வேண்டிய முடிவு. வீட்டில் ஒருவருக்கு மனம் ஒப்பவில்லை என்றால் அவரைச் சமாதானப்படுத்தி இழுத்துப் போகாதீர்கள், அவுலியைப் பாருங்கள். போவதென்றால், கிளம்பும் வாரம் வரை நிலவரத்தைக் கவனித்துக்கொண்டே இருங்கள். ஸ்ரீநகர் விமான நிலையத்தில் சோதனைகள் பல அடுக்கு, திரும்பும்போது மூன்று மணி நேரம் முன்னதாகப் போய்விடுங்கள். வெளிமாநில ப்ரீபெய்டு சிம் அங்கே வேலை செய்யாது, போஸ்ட்பெய்டு வேலை செய்யும். குழுவில் ஒருவராவது போஸ்ட்பெய்டு வைத்திருக்க வேண்டும்.

பயணக் காப்பீடு எடுக்கும்போது பனிச்சறுக்கு அதில் அடங்குமா என்று எழுத்தில் பாருங்கள். சாகச விளையாட்டு என்று சொல்லி விலக்கி வைத்திருக்கும் பாலிசிகள் நிறைய.

தாளைக் கூட்டிப் பாருங்கள்

ஒரு வார லீவு, கலவையான குடும்பம், டிசம்பர் கடைசி அல்லது ஜனவரி: குல்மார்க். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பதினோரு நாள் லீவு, பிப்ரவரி, உண்மையாகவே சறுக்கக் கற்க வேண்டும் என்ற வெறி, கூட்டம் பிடிக்காது: அவுலியில் ஏழு நாள் பயிற்சி. அப்பா அம்மாவுக்குத் தேவபிரயாகையும் ஜோஷிமத்தும் சேவிக்க வேண்டும், பிள்ளைகளுக்குப் பனி வேண்டும்: அதற்கும் அவுலிதான், ஆனால் பெரியவர்களுக்காக மலைச்சாலையை இரண்டு நாளாகப் பிரித்துக்கொள்ளுங்கள். ஏற்கெனவே ஓரளவு சறுக்கத் தெரியும், பெரிய மலை வேண்டும்: குல்மார்க், கூடவே பனிச்சரிவு தெரிந்த வழிகாட்டியும், புதைந்தவரைத் தேடும் கருவி, குத்துக்கம்பி, மண்வெட்டி மூன்றும் கட்டாயம்.

செலவை வைத்து முடிவெடுக்கப் பார்க்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. குல்மார்க்கில் விமானமும் அறையும் பணத்தைத் தின்னும். அவுலியில் வண்டி வாடகையும் கூடுதல் நாட்களும் தின்னும். நான்கு பேராக வண்டியைப் பகிர்ந்தால் அவுலி மலிவு, இரண்டு பேராகப் போனால் பெரிய வித்தியாசம் வராது.

ஊர் முடிவானதும் இந்த வரிசையில் போங்கள்: முதலில் பயிற்சிக்கு இடம், அப்புறம் அறை, அப்புறம் விமானம் அல்லது ரயில். கோண்டோலா டிக்கெட்டை கேபிள் கார் கழகத்தின் இணையதளத்தில் நீங்களே எடுத்துவிடுங்கள். அங்கே போய் வாங்கிக்கொள்ளலாம் என்று இருந்தால் இடம் கிடைக்காது, இடைத்தரகரிடம் மாட்டுவீர்கள்.

டிக்கெட் கையில் வந்த அன்று மாலையே இன்னொன்றைத் தொடங்குங்கள். சுவரில் முதுகைச் சாய்த்து, நாற்காலியில் உட்கார்ந்த மாதிரி முழங்காலை மடக்கி நில்லுங்கள். முதல் நாள் முப்பது வினாடியில் தொடை நடுங்கும். தினமும் பத்து வினாடி கூட்டிக்கொண்டே போய் இரண்டு நிமிடம் நிற்க முடிந்தால், பனியில் இரண்டாம் நாள் படுக்கையை விட்டு எழுந்துவிடுவீர்கள். லிஃப்டை விட்டுவிட்டு மாடிப்படி இறங்குங்கள், ஏறுவதைவிட இறங்குவதுதான் இதற்கு நல்ல பயிற்சி. ஆறு வாரம் போதும். எங்கள் வீட்டில் அக்கா பையன் பல் துலக்கிக்கொண்டே சுவரில் சாய்ந்து நின்றான், கோங்டூரியில் என்னைத் தாண்டிப் போனதும் அவன்தான்.